செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய லேப்டாப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் பழி பேட்டரி மேல்தான் விழும். புதுசு வாங்கிப் போட்டும் அதே கோளாறு தொடர்ந்தால்தான் சார்ஜரையும் ஜாக்கையும் (லேப்டாப்பில் சார்ஜர் முனையைச் செருகும் துளை) பார்க்கத் தோன்றும். இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத சோதனை முதலில் வரும், காசு கேட்கும் சோதனை கடைசியில் வரும். உங்கள் லேப்டாப் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எதற்கும் முன்: பேட்டரி உப்பியிருக்கிறதா?

லேப்டாப்பை அணைத்து, மூடி, சமமான மேசையில் வையுங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஆடுகிறதா? மூடிய பிறகும் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா? டச்பேடை அழுத்தினால் 'க்ளிக்' வராமல் கல் மாதிரி இருக்கிறதா, அல்லது அதன் ஓரம் மேலே எழும்பி நிற்கிறதா? பின்மூடியின் நடுப்பகுதி விரல் நுனிக்குப் புடைப்பாகத் தட்டுப்படுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், மாறாக நிரூபணமாகும் வரை பேட்டரி உப்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'டச்பேடு ரிப்பேர்' என்று வரும் லேப்டாப்புகளில் டச்பேடு நன்றாக இருந்து, அடியில் பேட்டரி வீங்கிக் கிடப்பது அடிக்கடி பார்க்கும் சங்கதி.

பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் அலகுக்கு செல் என்று பெயர். அந்த செல்லின் திரவம் சிதைந்து வாயுவாக மாறியதால் வந்த வீக்கம் இது. தானாக வற்றாது. சார்ஜரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பை அணையுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். மூடியை அழுத்தி மூடப் பார்க்க வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன; அப்படிச் செய்தால் தீப்பிடிக்கும்.

வெளியே தாழ்ப்பாள் போட்டுக் கழற்றும் வகை என்றால் நீங்களே மெதுவாகக் கழற்றலாம். உள்ளே ஸ்க்ரூவால் பிடித்திருந்தால், அதற்கு முன் லேப்டாப் திறந்து பழக்கமுள்ளவர் மட்டும் கை வைக்கட்டும். மேக்புக் மாதிரி பசை போட்டு ஒட்டியிருந்தால் டெக்னீஷியனிடம்தான் போக வேண்டும், ஏனென்றால் உப்பிய செல்லைத் தகட்டால் நெம்பும்போதுதான் அது கிழிகிறது. இனிப்பும் காரமும் கலந்த ரசாயன வாடை, 'ஸ்ஸ்' என்ற சத்தம், புகை இவற்றில் எது வந்தாலும் லேப்டாப்பை விட்டு விலகுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்பித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

## பேட்டரி ரிப்போர்ட் எடுக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னல்) திறங்கள். 'பவர்' என்ற ஆங்கிலச் சொல், அதோடு ஒட்டியே சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதோடு ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து ஒரே சொல். இவ்வளவையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டினால், ரிப்போர்ட் எந்த ஃபோல்டரில் விழுந்தது என்பதைத் திரையே சொல்லும். அதை பிரவுசரில் திறங்கள்.

மேலே 'இன்ஸ்டால்டு பேட்டரீஸ்' என்ற பகுதியில் மூன்று வரிகள் முக்கியம்: டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிக்கும் கொள்ளளவு), சைக்கிள் கவுண்ட். டிசைன் 57,000 மில்லிவாட்-ஹவர், ஃபுல் சார்ஜ் 34,200 என்று இருந்தால் மீதி இருப்பது 60%. லேப்டாப் சராசரியாக 9 வாட் இழுத்தால், புதிதில் ஆறேகால் மணி நேரத்துக்கு மேல் வந்த பேட்டரி இப்போது 4 மணி நேரம்கூடத் தாங்காது. விற்றவர் 'நாலு மணி நேரம் வரும்' என்று சொல்லியிருந்தால் அது பொய் என்று சொல்ல முடியாது. திரை வெளிச்சத்தைக் குறைத்து, வேறெதையும் திறக்காமல் இருந்தால் வரும்.

சைக்கிள் என்பது எத்தனை தடவை சார்ஜர் செருகினோம் என்ற கணக்கு இல்லை. இன்று பாதி, நாளை பாதி காலியானால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் பல, 300 முதல் 500 சைக்கிளுக்குள் 80% பக்கம் இறங்கிவிடும். இப்போதைய மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 1,000. சில லேப்டாப்புகளில் இந்த வரி வெறும் கோடாக இருக்கும். அது கோளாறு இல்லை; அந்த பேட்டரி எண்ணிக்கையைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸில் 'சிஸ்' ஃபோல்டருக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை', அதற்குள் 'பேட்0' அல்லது 'பேட்1' என்ற ஃபோல்டரில் இதே எண்கள் தனித்தனி ஃபைலாக இருக்கும். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பவர்' பகுதிக்குப் போனால் சைக்கிளும் நிலையும் தெரியும். 'சர்வீஸ் ரெகமெண்டட்' என்று இருந்தால் பேட்டரி மாற்றும் வேளை வந்துவிட்டது.

லெனோவோவின் திங்க்பேட் டி440 முதல் டி480 வரையிலான பல மாடல்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி உண்டு. ரிப்போர்ட்டில் இரண்டு பத்தி வரும். ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று செத்திருப்பது சகஜம். அப்போது செத்ததை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. விற்பதற்கு முன் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். அதனால் ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டிய பழைய வரலாறு காலியாக இருக்கும். மேலே உள்ள மூன்று எண்கள் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவற்றைச் சொல்வது பேட்டரிக்குள் இருக்கும் சிப். ஆறு வருடப் பழைய லேப்டாப்பில் சைக்கிள் 2 என்றும், டிசைனும் ஃபுல் சார்ஜும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவும் இருந்தால், அண்மையில் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது நல்ல பேட்டரியா, டூப்ளிகேட்டா என்பதை எண் சொல்லாது. அதற்கான சோதனை கடைசிப் பகுதியில் இருக்கிறது.

மீதிக் கொள்ளளவு 80%க்கு மேல் இருந்தால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். 60 முதல் 80 வரை, வேலைக்குப் போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 50%க்குக் கீழே போன பேட்டரியில் எந்த செட்டிங் மாற்றியும் பெரிதாகப் பலன் இல்லை.

## அறிகுறி: சார்ஜ் சீராகத்தான் இறங்குகிறது, ஆனால் சீக்கிரம் தீர்கிறது

ரிப்போர்ட்டில் 80%க்கு மேல் இருந்தும் இப்படி என்றால், பேட்டரி கொடுக்கிறது, லேப்டாப் அதிகம் தின்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியூ பத்தியைப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் ஐந்து நிமிடம் விட்ட பிறகும் 10%க்குக் கீழே வரவில்லை என்றால் எந்த ப்ரோகிராம் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். புதிதாக விண்டோஸ் போட்ட முதல் இரண்டு நாள் அப்டேட்டும் இண்டெக்ஸிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் பேட்டரியை மதிப்பிடாதீர்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில், அதன் டிரைவர் சரியாக ஏறாவிட்டால் அந்த கார்டு தூங்கவே தூங்காது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரைப் போடுங்கள். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் அது எந்நேரமும் சுற்றும், சூடும் குறையாது. சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது பழைய லேப்டாப்புக்கு எப்படியும் நல்லது.

ரிப்போர்ட் 60%க்குக் கீழே என்றால் இந்தத் தேடல் எதுவும் வேண்டாம். தேய்ந்த பேட்டரி தேய்ந்ததுதான்.

## அறிகுறி: 30, 40 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைகிறது

இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று காசில்லாமல் சரியாகும், இன்னொன்று ஆகாது. எது என்று பிரித்தறிவது எளிது.

50% இருக்கும்போது சார்ஜரை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு டெக்ஸ்ட் ஃபைலை மட்டும் திறந்து வைத்துவிடுங்கள். அது எந்தச் சதவீதத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி சார்ஜ் ஏற்றி, அதே 50%இலிருந்து இந்த முறை வெளிச்சத்தை முழுதாக வைத்து, வீடியோவும் பத்துப் பதினைந்து டேபும் ஓடவிடுங்கள்.

இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தில் அணைந்தால் சதவீதம் காட்டும் மீட்டரின் கணக்கு தப்பியிருக்கலாம். வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்த ஆபீஸ் லேப்டாப்பில் இது அதிகம். பேட்டரி முழுதாகக் காலியாகி முழுதாக நிரம்பும் சந்தர்ப்பமே இல்லாததால், எது காலி, எது நிறைவு என்பதை சிப் மறந்துவிடுகிறது. இதற்குக் காலிபரேஷன் செய்யலாம்:

1. சார்ஜ் வரம்பு ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். 100% ஏறிய பிறகும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள்.
2. ஸ்லீப் செட்டிங்கை 'நெவர்' ஆக்கி, சார்ஜரை எடுத்துவிட்டு, லேசான வேலையோடு தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.
3. அணைந்த நிலையில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் தொடாதீர்கள்.
4. அணைந்த நிலையிலேயே, இடையில் நிறுத்தாமல் 100% வரை ஏற்றுங்கள்.

சில லெனோவோ மாடல்களில் வான்டேஜ் ஆப்பிலேயே 'பேட்டரி காஜ் ரீசெட்' இருக்கும், அது இதையெல்லாம் தானே செய்துவிடும். முடிந்ததும் ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். ஃபுல் சார்ஜ் எண் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். காலிபரேஷன் பேட்டரியைக் கெடுக்கவில்லை, மீட்டர் இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது. ஒரு தடவை போதும். மாதாமாதம் செய்தால் வீணாகத் தேய்மானம்தான் கூடும்.

லேசான வேலையில் 10% வரை போய், பாரமான வேலையில் 40%இலேயே அணைந்தால் செல்லின் உள்தடை ஏறிவிட்டது. மின்சாரம் அதிகம் இழுத்த கணத்தில் வோல்டேஜ் சரிகிறது. மூன்று செல் வரிசை கொண்ட 11.4 வோல்ட் பேட்டரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். லினக்ஸில் 'வோல்டேஜ் நவ்' என்ற ஃபைல் மைக்ரோவோல்ட்டில் அளவைக் காட்டும். சும்மா இருக்கும்போது 11.2 வோல்ட், வீடியோ ஓட ஆரம்பித்ததும் 10க்குக் கீழே சரிந்து 9ஐ நோக்கிப் போனால் ஆட்டம் முடிந்தது. அந்த மூன்றில் ஒரே ஒரு செல் பலவீனமாக இருந்தாலும் போதும், பாதுகாப்பு சிப் மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். காலிபரேஷன் இங்கே வேலைக்கு ஆகாது.

உள்ளே செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் உண்டு. பல பேட்டரிகளில் செல்லைக் கழற்றியதுமே சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வெல்டிங் சரியில்லை என்றால் ஆபத்து வேறு. முழு பேட்டரி கிடைக்கும் மாடலுக்கு இந்த வேலை வேண்டாம்.

## அறிகுறி: சார்ஜர் செருகியிருக்கிறது, ஏறவில்லை

எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

### 60 அல்லது 80 சதவீதத்தில் நிற்கிறது

கோளாறே இல்லை. முந்தைய உரிமையாளர் அல்லது கம்பெனி ஐடி ஆட்கள் வரம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விண்டோஸை மாற்றினாலும் பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன்பே ஓடும், லேப்டாப்பின் சொந்த அடிப்படை மென்பொருள்) வைத்த வரம்பு போகாது, அதனால்தான் குழப்பம். டெல்லில் பயாஸ் அமைப்பில் பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷன், ஹெச்பியில் பேட்டரி ஹெல்த் மேனேஜர், லெனோவோவில் வான்டேஜில் கன்சர்வேஷன் மோட் அல்லது சார்ஜ் த்ரெஷோல்ட், அசுஸில் மைஅசுஸ் ஆப். வீட்டிலேயே சார்ஜரோடு வைத்து வேலை செய்பவர் அந்த வரம்பை எடுக்காமல் விடுவதே நல்லது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் இருப்பதைப் போல பேட்டரியைத் தின்பது வேறில்லை.

### ஏதோ ஓர் எண்ணில் நின்று 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டுகிறது

லேப்டாப் சூடாக இருந்தால் அரை மணி நேரம் அணைத்து ஆற விடுங்கள். லித்தியம் செல்லைச் சுமார் 45 டிகிரிக்கு மேலும் பூஜ்ஜியத்துக்குக் கீழும் சார்ஜ் செய்ய சிப் விடாது.

ஆறியும் ஏறவில்லை என்றால் பவர் ரீசெட். அணைத்து, சார்ஜரை எடுத்து, கழற்றும் பேட்டரி என்றால் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே பேட்டரி உள்ள பல திங்க்பேட்களில் அடிப்பக்கம் பேப்பர் கிளிப் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அணைத்துவிட்டு, சார்ஜர் இல்லாமல், அதில் கிளிப்பை விட்டு மெதுவாக அழுத்தினால் அதே வேலை நடக்கும். பிறகு டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' கீழே உள்ள மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ பேட்டரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது தானே திரும்ப ஏறிவிடும்.

### சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணவில்லை

டெல், ஹெச்பி சார்ஜர் முனையின் நடுவே ஊசி மாதிரி மெல்லிய பின் இருக்கும். அது மின்சாரம் கொண்டு போவதற்கு இல்லை. 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கு. அந்தப் பின் வளைந்தாலோ, அதற்குப் போகும் மெல்லிய வயர் முனைக்கு அருகே அறுந்தாலோ, லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் பாதியாகக் குறையும். டெல்லில் ஆன் செய்யும்போதே அடாப்டரின் வாட்டும் வகையும் தெரியவில்லை என்று செய்தி வரும். பயாஸில் அடாப்டர் என்ற இடத்தில் வாட் எண்ணுக்குப் பதில் 'அன்னோன்' என்று இருந்தால் உறுதி.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். வெளிச்சுற்றுக்கும் உட்சுவருக்கும் இடையே 19.5 வோல்ட் அழகாகக் காட்டும், ஆனால் அடையாள வயர் அறுந்திருக்கும். அதே பிராண்டின், அதே அல்லது அதிக வாட் உள்ள, நன்றாக வேலை செய்யும் இன்னொரு சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பார்ப்பதே சரியான சோதனை. அதில் ஏறினால் சார்ஜர் மாற்றினால் போதும். அதிலும் 'அன்னோன்' என்றால் கோளாறு ஜாக்கில் அல்லது போர்டில் (மதர்போர்டு).

வட்ட முனை சார்ஜரில் வோல்ட் லேப்டாப் லேபிளில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். ஆம்பியர் அதிகம் இருக்கலாம், குறையக் கூடாது. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் போட்டால், அணைந்திருக்கும்போது ஏறும், வேலை செய்யும்போது இறங்கும். செகண்ட் ஹேண்டில் லேப்டாப்போடு ஏதோ ஒரு சார்ஜரைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது வழக்கம் என்பதால் லேபிளைப் படிக்காமல் விடாதீர்கள்.

### யூஎஸ்பி-சி வழியாக ஏறவில்லை

போன் சார்ஜர் பெரும்பாலும் போதாது. 65 வாட் என்றால் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். கேபிளும் கணக்கில் வரும். சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் தேவை. எல்லா யூஎஸ்பி-சி ஓட்டையும் சார்ஜ் வாங்காது, பக்கத்தில் ப்ளக் அல்லது பேட்டரி சின்னம் போட்ட ஓட்டையில் செருகுங்கள். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக வழித்தெடுங்கள், ஊசி வேண்டாம்.

### ஆட்டினால் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது

ஜாக். முனையைச் செருகி நான்கு பக்கமும் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். இன்னொரு சார்ஜரிலும் அப்படியே என்றால் கோளாறு லேப்டாப் பக்கம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: நடு பின் சாய்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருக்கும். கருகிய ஜாக்கை உபயோகிக்காதீர்கள். வட்ட ஜாக் பல மாடல்களில் குட்டி வயரோடு தனியாக வரும், கழற்றி மாட்டும் வேலைதான். போர்டிலேயே சால்டர் செய்திருந்தால், யூஎஸ்பி-சி எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான், ஹாட் ஏர் வைத்து வேலை செய்பவரிடம் கொடுங்கள்.

### 0 சதவீதத்திலேயே நிற்கிறது

மாதக்கணக்கில் மூடி வைத்திருந்த லேப்டாப் என்றால் சரியான சார்ஜரில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். ஆழமாக இறங்கிய செல்லுக்கு சிப் முதலில் துளித்துளியாகத்தான் ஏற்றும். அதற்குள் 1% கூட ஏறவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது. வெளியிலிருந்து பவர் சப்ளை வைத்து வலுக்கட்டாயமாக உயிர் கொடுக்கும் வித்தை வேண்டாம். மிக ஆழமாக இறங்கிய செல்லுக்குள் தாமிரம் கரைந்து படிந்திருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

## அறிகுறி: சார்ஜரை எடுத்த கணமே அணைகிறது, அல்லது பேட்டரியே காட்டவில்லை

பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே பேட்டரி தெரிந்து விண்டோஸில் தெரியவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை. மேலே சொன்ன டிவைஸ் மேனேஜர் வழி. பயாஸிலும் இல்லை என்றால் பின்மூடியைக் கழற்றும் நேரம். விற்பதற்கு முன் ரேம், எஸ்எஸ்டி மாற்றியிருப்பார்கள். அப்போது கழற்றிய பேட்டரி கனெக்டரைச் சரியாக அழுத்தாமல் மூடியிருப்பார்கள். சில சமயம் மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும்!

திறக்க பெரும்பாலும் பிலிப்ஸ் 0 அளவு ஸ்க்ரூடிரைவரும் மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியும் போதும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைத் தவறான துளையில் முறுக்கினால் மேல்பக்கம் புடைக்கும், போர்டையும் குத்தும். கனெக்டர் சிலவற்றில் பக்கவாட்டில் நழுவும், சிலவற்றில் மேலே எழும்பும். எது என்று தெரியாமல் இழுக்காதீர்கள், வயரைப் பிடித்து எப்போதும் இழுக்காதீர்கள். மறுபடி மாட்டும்போது இரண்டு முனையும் சமமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

கனெக்டர் சரி, இன்னும் காட்டவில்லை. அப்போது பேட்டரியா, போர்டா? அதே மாடல் லேப்டாப் இன்னொன்று கிடைத்தால் பேட்டரியை அதில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் காட்டவில்லை என்றால் பேட்டரி. அங்கே நன்றாக ஏறினால் உங்கள் போர்டின் சார்ஜிங் பகுதி. இரண்டாவது லேப்டாப் இல்லையென்றால், ஆன் செய்யும்போது ஹெச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12 அழுத்தி உள்ளேயே இருக்கும் டயக்னோஸ்டிக்கை ஓட்டுங்கள். போர்டு என்று உறுதியானால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. சிப் லெவல் வேலை செய்பவரிடம் போங்கள், போகும்போது நீங்கள் செய்த சோதனைகளைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவரும் முதலில் பேட்டரி மாற்றச் சொல்வார்.

## அறிகுறி: இரவு மூடி வைத்தால் காலையில் காலி

அணைத்தீர்களா, மூடி மட்டும் வைத்தீர்களா? மூடியது மட்டும் என்றால் ஸ்லீப். புதிய வகை ஸ்லீப்பில் லேப்டாப் முழுதாகத் தூங்குவதில்லை, போன் மாதிரி அரைத் தூக்கத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருக்கும். மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) ஆகும்படி பவர் ஆப்ஷனில் மாற்றுங்கள்.

முழுதாக அணைத்தும் இறங்கினால்: விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஐ நிறுத்துங்கள். அணைந்த பிறகும் யூஎஸ்பியில் போன் சார்ஜ் ஆகும் வசதி, நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி இரண்டையும் பயாஸில் நிறுத்துங்கள். அப்படியும் இரவில் 10%க்கு மேல் போனால் பேட்டரியைக் கழற்றி அல்லது கனெக்டரைப் பிரித்து ஓர் இரவு வையுங்கள். திங்க்பேட் என்றால் பயாஸில் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' போதும், சார்ஜரைச் செருகியதும் திரும்ப வேலை செய்யும். பிரித்து வைத்தும் இறங்கினால் பேட்டரி கசிகிறது, மாற்றுங்கள். பிரித்தபோது இறங்கவில்லை என்றால் போர்டில் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது, அது டெக்னீஷியன் வேலை.

## அறிகுறி: புது பேட்டரி போட்டும் சரியில்லை

லேப்டாப் மாடல் பெயரை வைத்து வாங்கியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகை பேட்டரி இருக்கும். பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரை வைத்து வாங்க வேண்டும். எக்ஸ்230, டி430 காலத்துத் திங்க்பேட்கள் தங்களுக்குத் தெரியாத பேட்டரியைச் சார்ஜ் செய்யவே மறுக்கும்.

லேபிளில் ஒரு கணக்குப் போடுங்கள். வோல்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர் வர வேண்டும். 11.4 வோல்ட், 4,200 மில்லிஆம்பியர்-ஹவர் என்றால் சுமார் 48 வாட்-ஹவர். லேபிள் 60 என்று சொன்னால் அச்சடித்தவருக்கே கணக்கு வரவில்லை. பழைய பேட்டரியும் புதியதும் ஒரே அளவு, ஒரே வாட்-ஹவர் என்று சொல்லிவிட்டு, புதியது கையில் எடுத்தால் நன்றாகவே இலேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். நான்கைந்து வருடம் கிடங்கில் கிடந்த 'புது' பேட்டரி பாதி செத்துத்தான் வரும்.

மாட்டிய அன்றே ரிப்போர்ட் எடுத்து வையுங்கள். 100% ஏற்றி, பாதி வெளிச்சத்தில் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஒரு வீடியோவை ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சதவீதத்தைக் குறியுங்கள். நல்ல பேட்டரி ஏறக்குறையச் சீராக இறங்கும். டூப்ளிகேட் அரை மணி நேரம் 100%இலேயே நிற்கும், பிறகு 70க்குத் தாவும், கடைசியில் 20இலிருந்து நேராக அணையும். முதலில் ஒரு தடவை காலிபரேஷன் செய்து பாருங்கள். அதன் பிறகும் தாவினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அந்தத் தாளையும் ரிப்போர்ட்டையும் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாவி, நாணயம் எதுவும் படாமல் தனிப் பையில் வைத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உப்பியதாக இருந்தால் கொண்டுபோகும் வரை தகரப் பெட்டியில் மணல் போட்டு, வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெட்டியின் மூடியை இறுக்க வேண்டாம்.